காட்டுக்கு வயசானால் என்ன ஆகும்? – வெப்ப இயக்கவியல் காட்டுக்குள் நுழைந்த கதை

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைப் படித்த எல்லோருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கக்கூடிய சந்தேகம் இது. தானாக நடக்கும் எந்த மாற்றத்திலும் மொத்த என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை, கூடிக்கொண்டுதான் போகும் என்கிறது விதி. சூடான டீ ஆறுகிறது. ஆறிய டீ தானாகச் சூடாவதில்லை. சுவர் இடிந்து விழுகிறது. விழுந்த செங்கல் தானாக எழுந்து அடுக்கிக்கொள்வதில்லை. சரி, மழை நன்றாகப் பெய்யும் ஊரில் ஒரு வயலைக் கைவிட்டு நூறு வருஷம் சும்மா இருந்து பாருங்கள். முதலில் புல் வரும். பிறகு புதர், அதன் பிறகு வெயில் விரும்பும் மரங்கள், கடைசியில் நிழலில் முளைத்து மெதுவாக மேலே வரும் பெருமரங்கள். யாரும் நடவில்லை, யாரும் பிளான் போட்டுக் கொடுக்கவில்லை, ஆனால் அடுக்கடுக்காக ஒரு காடு நிற்கிறது. விதி மீறப்பட்டுவிட்டதா?

இல்லை என்று வாத்தியார் சொல்லிவிடுவார். இரண்டாம் விதி மூடிய பெட்டிக்குள் நடப்பதைப் பற்றியது, காடு மூடிய பெட்டி இல்லை. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். அங்கிருந்து வரும் ஒளி உயர்ந்த தரமுள்ள சக்தி. பூமி அதை வாங்கிப் பயன்படுத்திவிட்டு, சுமார் 255 கெல்வினில் கதகதப்பான அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே வரும் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஏறத்தாழ இருபது ஃபோட்டான்கள் வெளியே போகின்றன. ஒரு நூறு ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு சில்லறையாகத் திருப்பிக் கொடுப்பது போல. தொகை அதேதான், தரம்தான் இறங்கிவிடுகிறது. இந்த இறக்கத்தில் உருவாகும் என்ட்ரோபி மிகப் பெரிது. அதன் பக்கத்தில் காடு தனக்குள் சேர்த்து வைக்கும் ஒழுங்கு கணக்கிலேயே வராத அளவுக்குச் சின்னது.

இது சரியான பதில், ஆனால் பாதிப் பதில். காடு உருவாகலாம் என்று விதி அனுமதிக்கிறது, அவ்வளவுதான். ஏன் புல்லுக்குப் பின் புதர், புதருக்குப் பின் மரம் என்ற வரிசை? அந்த வரிசை எங்கே போய் நிற்கும்? வயசான காடு என்ன செய்துகொண்டிருக்கும்? இதையெல்லாம் கூட இயற்பியல் விதிகளிலிருந்து கணக்குப் போட்டு எடுத்துவிடலாம் என்று சிலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் வரலாறு சுவாரஸ்யமானது. ஏனென்றால் அது காகிதத்தோடு நிற்கவில்லை. நானூறு வருஷத்து மரங்களை வெட்டலாமா கூடாதா என்ற சண்டை வரைக்கும் வந்துவிட்டது.

முதல் விதையைப் போட்டவர் போல்ட்ஸ்மன். என்ட்ரோபிக்குப் புள்ளியியல் விளக்கம் கொடுத்த அதே ஆள். 1886ல் வியன்னாவில் ஆற்றிய ஓர் உரையில், உயிர்களின் வாழ்க்கைப் போராட்டம் மூலப்பொருளுக்கானது அல்ல, வெறும் சக்திக்கானதும் அல்ல, சூடான சூரியனிலிருந்து குளிர்ந்த பூமிக்குச் சக்தி இறங்கும்போது கிடைக்கும் என்ட்ரோபி வித்தியாசத்துக்கானது என்ற கருத்தைச் சொன்னார். செடிகள் தங்கள் இலைகளை அகல விரிப்பது இந்த இறக்கத்தைப் பிடிப்பதற்குத்தான் என்றார். அற்புதமான பார்வை. ஆனால் அவர் காட்டுக்குப் போய் எதையும் அளக்கவில்லை.

காட்டுக்குள் இருந்தவர்களோ இயற்பியல் பேசவில்லை. அமெரிக்காவில் ஹென்றி கௌல்ஸ் 1899ல் மிச்சிகன் ஏரிக்கரை மணல் மேடுகளில் நடந்து, கரையிலிருந்து உள்ளே போகப் போகத் தாவரங்கள் மாறுவதைக் கவனித்தார். தூரம் என்பது இங்கே காலம் என்று புரிந்துகொண்டார். பாடப்புத்தகம் 'தாவர வழிமுறை வளர்ச்சி' என்று சொல்வது இதைத்தான். 1916ல் பிரெடெரிக் கிளெமென்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பகுதியின் தாவரக் கூட்டம் முழுவதும் ஓர் உயிரி மாதிரி என்றார். பிறக்கும், வளரும், உச்சநிலை என்ற முதிர்ச்சியை அடையும். 1926ல் ஹென்றி கிளீசன் இதை மறுத்தார்: ஒவ்வொரு செடியும் தனக்குப் பிடித்த இடத்தில் தன்பாட்டுக்கு வளர்கிறது, நாம்தான் அதைக் கூட்டம் என்கிறோம். 1935ல் ஆர்தர் டான்ஸ்லி, கிளெமென்ட்ஸின் 'பெரிய உயிரி' பேச்சு பிடிக்காமல், அதற்கு மாற்றாக 'சூழல் மண்டலம்' என்ற சொல்லை முன்வைத்தார். உயிருள்ளவை, மண், நீர், காற்று எல்லாம் சேர்ந்த ஓர் இயற்பியல் அமைப்பு. இந்தச் சொல் வந்த பிறகுதான் காட்டுக்கு வரவு செலவுக் கணக்கு எழுத முடியும் என்ற நிலை வந்தது.

நடுவில் ஆல்ஃபிரெட் லோட்கா என்று ஒருவர். பிற்பாடு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் புள்ளியியல் வேலை பார்த்தவர் (விஞ்ஞான வரலாற்றில் இப்படி ஆட்கள் அடிக்கடி வருவார்கள்!). 1922ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம்: இயற்கைத் தேர்வு, அதிகச் சக்தியைப் பிடித்துத் திறமையாகச் செலவழிக்கும் உயிர்களுக்குச் சாதகமாக இருக்கும். ஆகவே, பயன்படாத சக்தி மிச்சம் இருக்கும் வரை, உயிர் மண்டலத்தின் வழியாக ஓடும் மொத்தச் சக்தி கூடிக்கொண்டே போகும். 'அதிகபட்சத் திறன்' என்ற பெயரில் இந்தக் கருத்து பின்னால் பெரிய ரவுண்டு வரப்போகிறது.

கணக்கை உண்மையிலேயே எழுதிப் பார்த்தவர் ரேமண்ட் லிண்டமன். பெயர் தெரிந்திருக்கும். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் பத்து சதவீதச் சக்திதான் மேலே போகும் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் 'பத்து சதவீத விதி' இவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இவரது உண்மையான எண்களைப் பார்த்தால் பத்து எங்கேயும் இல்லை! மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் பாக் என்ற சின்ன, ஆழமில்லாத ஏரியை இவர் மனைவி எலினாருடன் சேர்ந்து ஐந்து வருஷம் அளந்தார். தாவரங்கள் பிடித்தது வந்த சூரிய சக்தியில் 0.10 சதவீதம். தாவர உண்ணிகள் பெற்றது அதில் 13.3 சதவீதம். அடுத்த படி 22.3 சதவீதம். பத்து என்பது பின்னால் வந்தவர்கள் வசதிக்காக உருட்டி வைத்த எண்.

ஏரிக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? சீடர் பாக் சாகப்போகிற ஏரி. அடியில் மக்கு சேர்ந்து சேர்ந்து, கரையிலிருந்து பாசியும் புல்லும் உள்ளே நெருக்கிக்கொண்டு வர, அது சதுப்பாகி, ஒரு காலத்தில் காடாக முடியப்போகிறது. அதனால் லிண்டமன் தன் கட்டுரையின் கடைசிப் பகுதியில், ஏரி பிறந்ததிலிருந்து உச்சநிலைக் காடு வரை உற்பத்தி எப்படி ஏறி இறங்கும் என்று ஒரு வளைகோட்டை வரைந்து காட்டினார். வழிமுறை வளர்ச்சியைச் சக்திக் கணக்காக வரைந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று.

அந்தக் கட்டுரைக்கு நடந்ததைச் சொல்லாமல் நகர முடியாது. 1941ல் அவர் யேல் பல்கலைக்கழகத்தில் ஈவ்லின் ஹட்சின்சனிடம் வேலை செய்தபோது அதை 'எக்காலஜி' இதழுக்கு அனுப்பினார். ஏரி ஆராய்ச்சியில் பழம் தின்று கொட்டை போட்ட சான்ஸி ஜூடேயும் பால் வெல்ச்சும் மதிப்பீட்டாளர்கள். இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். கோட்பாடு அதிகம், தரவு போதாது என்பதுதான் குறை. ஹட்சின்சன் விடாமல் ஆசிரியர் தாமஸ் பார்க்கிடம் வாதாடி ஏற்க வைத்தார். கட்டுரை 1942 அக்டோபரில் வெளிவந்தது. லிண்டமன் அதைப் பார்க்கவில்லை. ஜூன் மாதமே கல்லீரல் நோயால் இறந்துவிட்டார். வயது 26.

மதிப்பீட்டாளர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஒரே ஓர் ஏரியின் எண்களை வைத்து எல்லாச் சூழல் மண்டலங்களின் வாழ்க்கை வரலாற்றையும் வரைவது பெரிய தாவல். அந்தத் தாவல் பலித்ததா என்பது காட்டில் போய் அளந்தால்தான் தெரியும். அடுத்த நாற்பது வருஷம் நடந்தது அதுதான்.

யூஜீன் ஓடம், ஹோவர்ட் ஓடம் என்று அண்ணன் தம்பி. தம்பி ஹோவர்ட், அதே ஹட்சின்சனின் மாணவர். 1953ல் அண்ணன் எழுதிய சூழலியல் பாடநூலில் சக்தி பற்றிய பகுதிக்குத் தம்பி கை கொடுத்தார். ஒரு தலைமுறையே அந்தப் புத்தகத்தில்தான் சூழலியல் படித்தது. அன்றைய அமெரிக்காவில் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அணுசக்திக் கமிஷன்! தெற்குக் கரோலினாவில் சவானா நதிக்கரையில் அணு ஆயுதப் பொருள் தயாரிக்கும் ஆலைக்காக விவசாயிகளைக் காலி செய்தபோது, கைவிடப்பட்ட வயல்கள் எப்படி மாறுகின்றன என்று யூஜீன் அளக்க ஆரம்பித்தார். ஹோவர்ட் போர்ட்டோ ரிக்கோவின் எல் வெர்டே மழைக்காட்டுக்குப் போனார். ஒரு துண்டுக் காட்டைச் சுற்றிப் பிரம்மாண்டமான பிளாஸ்டிக் உருளையைக் கட்டி, மேலே விசிறி வைத்துக் காற்றை இழுத்து, காடு எவ்வளவு கரியமில வாயுவை எடுக்கிறது, எவ்வளவு விடுகிறது என்று பார்த்தார். 1965ல் அதே காட்டில் சுமார் மூன்று மாதம் சீசியம்-137 கதிரியக்க மூலத்தை வைத்து மரங்களைக் கொன்று, எப்படி மீள்கிறது என்றும் பார்த்தார்கள். இன்றைக்கு நினைத்தால் தூக்கிவாரிப் போடுகிறது.

இவ்வளவும் சேர்ந்து 1969ல் யூஜீன் ஓடம் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையாக வந்தது. சூழல் மண்டல வளர்ச்சியின் 'உத்தி' என்று பெயர். இளம் மண்டலத்துக்கும் முதிர்ந்த மண்டலத்துக்கும் உள்ள 24 வித்தியாசங்களை அட்டவணை போட்டார். முக்கியமானது ஒன்றுதான். ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் மொத்த உற்பத்தி என்பது சம்பளம். சுவாசம் என்பது வீட்டுச் செலவு. மிச்சம்தான் மரமாகச் சேரும் சேமிப்பு. இளம் காட்டில் சம்பளம் செலவைவிட அதிகம், சேமிப்பு வேகமாக ஏறும். காடு பெரிதாகப் பெரிதாக அதைப் பராமரிக்கவே செலவு கூடும். கடைசியில் வரவும் செலவும் சமமாகிவிடும். அதுதான் முதிர்ச்சி.

இதில் வெப்ப இயக்கவியல் எங்கே வருகிறது? பெல்ஜியத்தில் இல்யா பிரிகோஜின் (1977ல் நோபல் வாங்கியவர்) 1940களில், சமநிலைக்கு அருகே இருக்கும் திறந்த அமைப்புகள் என்ட்ரோபி உற்பத்தி குறைந்தபட்சமாகும் நிலையில் போய் நிற்கும் என்று காட்டியிருந்தார். ஸ்பெயினில் ரமோன் மார்கலெஃப் 1963ல், முதிர்ந்த மண்டலத்தில் ஒரு கிலோ உயிர்ப்பொருளைத் தாங்கத் தேவைப்படும் சக்தி குறைவு என்றார். இரண்டும் பொருந்துவது மாதிரித் தெரிந்தது. ஆனால் லோட்காவும் ஹோவர்ட் ஓடமும் சொன்னது 'அதிகபட்சம்' ஆயிற்றே! ஒரே இயற்பியலிலிருந்து ஒரு கோஷ்டி அதிகபட்சம் என்கிறது, இன்னொரு கோஷ்டி குறைந்தபட்சம் என்கிறது.

இது பார்க்கும் அளவளவான முரண்பாடு இல்லை. கூட்டுக் குடும்பத்தில் தலைக்கு ஆகும் செலவு குறைவு, ஆனால் அடுப்படியின் மொத்தச் செலவு அதிகம். காட்டிலும் அப்படித்தான்: ஒரு கிலோவுக்கான ஓட்டம் குறைகிறது, ஒரு ஹெக்டேருக்கான ஓட்டம் கூடுகிறது. இருந்தாலும் ஒரு சங்கடம் மிச்சமிருக்கிறது. பிரிகோஜினின் குறைந்தபட்ச விதி சமநிலைக்குப் பக்கத்தில் மட்டுமே செல்லும். 5,800 கெல்வின் வெளிச்சத்தில் நிற்கும் காடு சமநிலைக்குப் பக்கத்தில் இல்லவே இல்லை. அந்த நிபந்தனையைப் பல பேர் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

அட்டவணையை நிஜக் காட்டில் சோதித்துப் பார்த்த இடம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹப்பர்ட் புரூக். 1963ல் ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ் இன்னும் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது. அங்கே அடியில் நீர் புகாத பாறை. ஆகவே ஒரு சின்னப் பள்ளத்தாக்கில் விழும் மழையில் ஆவியாகிப் போனது போக மீதி எல்லாம் ஒரே ஓடை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஓடையில் சின்ன அணை கட்டி, தண்ணீரை அளந்து, அதில் கரைந்திருப்பதை அளந்தால், காட்டின் வரவு செலவுப் புத்தகம் கையில் கிடைத்துவிடும். 1965 கடைசியில் சுமார் 15.6 ஹெக்டேர் உள்ள ஒரு பள்ளத்தாக்கில் எல்லா மரத்தையும் வெட்டி அங்கேயே போட்டார்கள். அடுத்த மூன்று கோடைகளிலும் களைக்கொல்லி தெளித்து எதையும் முளைக்க விடவில்லை.

முதல் வருஷம் ஓடையில் தண்ணீர் எதிர்பார்த்ததைவிட 39 சதவீதம் அதிகம் வந்தது. மரங்கள் உறிஞ்சி ஆவியாக்க வேண்டிய தண்ணீர் அது. நைட்ரேட் செறிவு முதல் வருஷம் 41 மடங்கு, இரண்டாம் வருஷம் 56 மடங்கு. குடிநீருக்கான வரம்பையே தாண்டிவிட்டது. மரம் போனதும் மண் தன் சேமிப்பை ஓடையில் கொட்டிவிட்டது. காடு என்பது ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி அதற்கு முன் கிடைக்கவில்லை. ஓடம் கோஷ்டிக்கு வெற்றி மாதிரித் தெரிந்தது.

ஆனால் அதே மாநிலத்தில், 1975ல் பீட்டர் விட்டோசெக்கும் வில்லியம் ரெய்னர்ஸும் வேறு விதமான எண்களோடு வந்தார்கள். ஓடம் அட்டவணைப்படி, முதிர்ந்த காடு சத்துக்களை இறுக்கிப் பிடித்து வைக்க வேண்டும், இளம் காடு ஒழுகவிட வேண்டும். இவர்கள் ஓடைகளை அளந்தபோது வயசான காட்டு ஓடைகளில்தான் நைட்ரேட் அதிகம்! காரணம் யோசித்தால் எளிது. வளரும் காட்டுக்குத்தான் புது மரம் கட்டச் சத்து வேண்டும், அது விடாது. வளர்ச்சி நின்ற காட்டுக்கு வருவது அவ்வளவும் தேவையில்லை, வந்தது போய்விடுகிறது. மர்மமான 'உத்தி' எதுவும் வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும்.

ஹப்பர்ட் புரூக்கே பின்னால் தன் ஆசிரியர்களை ஏமாற்றியது. 1979ல் போர்மனும் லைக்கன்ஸும் புத்தகம் எழுதி, வெட்டிய காடு நூறு வருஷத்துக்கும் மேல் உயிர்ப்பொருளைச் சேர்த்துக்கொண்டே போய், பிறகு கொஞ்சம் இறங்கி ஒரு நிலையில் நிற்கும் என்றார்கள். அங்கே பெருவெட்டு நடந்தது 1910களில். அப்படியானால் வளர்ச்சி இன்னும் பல பத்தாண்டுகள் போக வேண்டும். 1982 வாக்கில் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. அமில மழை மண்ணிலிருந்த கால்சியத்தை அரித்துக்கொண்டு போயிருந்தது, சர்க்கரை மேப்பிள் மரங்கள் வாடின. (வட அமெரிக்காவில் அமில மழையைக் கண்டுபிடித்துச் சொன்னதும் இதே லைக்கன்ஸ் குழுதான் என்பது விசித்திரம்.) 1999ல் ஒரு பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் சிலிகேட் தூவிப் பார்த்தார்கள். அங்கே மரங்கள் மறுபடி தேறின. சூரியன் என்னவோ அதே சூரியன்தான்.

சக்திக் கணக்கின் பலவீனம் இங்கே தெரிகிறது. வெளிச்சம் தினமும் காலையில் இலவசமாக வந்துவிடுகிறது. பாறையிலிருந்து வரும் சத்துக்கள் அப்படி இல்லை, குறிப்பாக பாஸ்பரஸ். அது பெரும்பாலும் ஆரம்ப முதலீடு. பனியாறு விலகியபோதோ, எரிமலைக் குழம்பு ஆறியபோதோ, மணல் மேடு குவிந்தபோதோ கிடைத்ததுதான். பல்லாயிரம் வருஷ மழையில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும், மீதி இருப்பதும் செடிக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறும். ஆஸ்திரேலியாவின் குலூலா மணல் மேடுகளில் வரிசையாக நடந்தால், நடுவயது மேடுகளில் உயர்ந்த காடு, மிகப் பழைய மேடுகளில் குட்டையான புதர். 2004ல் டேவிட் வார்டிலும் கூட்டாளிகளும் ஹவாய், நியூசிலாந்து, அலாஸ்கா, ஸ்வீடன், ஆஸ்திரேலியா என்று ஆறு இடங்களை ஒப்பிட்டு, நீண்ட காலம் கலைக்காமல் விட்டால் காடு மெலிந்து போவதைக் காட்டினார்கள். உச்சநிலையை அடைந்து அங்கேயே நிரந்தரமாக நிற்பது என்ற படம் அதோடு போயிற்று.

இதற்குள் வெப்ப இயக்கவியல்காரர்கள் இன்னொரு வழியில் வந்தார்கள், இந்தத் தடவை வானத்திலிருந்து. 1989ல் ஜெஃப்ரி லூவாலும் ரிச்சர்ட் ஹோல்போவும் ஆரிகன் மாநிலத்தில் ஆண்ட்ரூஸ் ஆராய்ச்சிக் காட்டின் மேல் நாசாவின் வெப்பமானியோடு விமானத்தில் பறந்து எடுத்த அளவுகளை வெளியிட்டார்கள். நல்ல வெயிலில் மேற்பரப்பு வெப்பநிலை: கல்குவாரி 50.7 டிகிரி செல்சியஸ். மொட்டையாக வெட்டிய இடம் 51.8. டக்ளஸ் ஃபிர் தோட்டம் 29.9. இயற்கையாக முளைத்த காடு 29.4. நானூறு வருஷப் பழைய காடு 24.7. எல்லாம் ஒரே வட்டாரம், ஒரே சூரியன்.

எரிக் ஷ்னைடரும் ஜேம்ஸ் கேயும் 1994ல் இந்த எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னது: பாருங்கள், காடு முதிர முதிர மேற்பரப்பு குளிர்கிறது, அதாவது சூரிய சக்தியின் தரத்தை இன்னும் கீழே இறக்கிவிட்டு அனுப்புகிறது. உயிர் என்பதே இரண்டாம் விதி தன் வேலையை வேகமாக முடித்துக்கொள்ளும் வழி! படிக்கும்போது மயிர்க்கூச்செறியும் வாதம்தான். ஆனால் குளிர்ச்சிக்கு நேரடிக் காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 24.5 லட்சம் ஜூல் வேண்டும். ஆழமான வேர், பல அடுக்கு இலை, கரடுமுரடான மேற்கூரை எல்லாம் சேர்ந்து பழைய காட்டில் வெப்பத்தைச் சுலபமாகக் கடத்திவிடுகின்றன. தண்ணீர் நிறுத்திய நெல் வயலும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், அதற்காக அது முதிர்ந்த மண்டலம் ஆகிவிடாது. குளிர்ந்த காடு என்பது விளைவு. அதையே காட்டின் குறிக்கோள் என்று சொல்ல இந்த ஐந்து எண்கள் போதாது.

அதே ஆண்ட்ரூஸ் காட்டைச் சுற்றித்தான் அந்த நாட்களில் பெரிய சண்டையும் நடந்துகொண்டிருந்தது. ஆரிகனிலும் வாஷிங்டனிலும் பழைய காடுகள் வேகமாக விழுந்தன. 1990ல் அங்கே வாழும் புள்ளி ஆந்தை அழியும் அபாயத்தில் உள்ளது என்று அரசுப் பட்டியலில் ஏறியது. புவி வெப்பமாதல் பேச்சும் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. அதோடு ஒரு புது வாதம் கிளம்பியது: வயசான காட்டில் வரவும் செலவும் சமம், அது கரியமில வாயுவைச் சேர்ப்பதில்லை. அதை வெட்டிவிட்டு வேகமாக வளரும் இளங்கன்றுகளை நட்டால் காற்றுக்கு நல்லது. ஓடம் அட்டவணையின் வாசனை இதில் நன்றாகவே அடிக்கிறது. ஓடம் அதற்காக எழுதவில்லை என்பதுதான் வேதனை. மனிதனுக்கு விளைச்சல் தரும் நிலமும் வேண்டும், பாதுகாப்பு தரும் முதிர்ந்த காடும் வேண்டும், இரண்டையும் பிரித்து வைத்துக் காப்பாற்றுங்கள் என்றுதான் 1969 கட்டுரையிலேயே அவர் சொல்லியிருந்தார்.

1990ல் மார்க் ஹார்மன், வில்லியம் ஃபெரல், ஜெரி ஃபிராங்க்ளின் மூவரும் 'சயின்ஸ்' இதழில் பதில் சொன்னார்கள். சேமிப்பு வேகத்தையும் சேமிப்புத் தொகையையும் குழப்பாதீர்கள் என்பதுதான் பதில். வங்கியில் பெரிய வைப்பு வைத்திருக்கும் பெரியவர் மாதாமாதம் எதுவும் போடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மாதம் ஐந்நூறு போடுகிறான். அதற்காகப் பெரியவரின் கணக்கைக் காலி செய்துவிட்டுப் பையனுக்குப் புதுக் கணக்கு திறந்தால் வங்கியில் பணம் கூடுமா? வெட்டிய காட்டில் கார்பன் இருப்பு பழைய நிலையை நெருங்கவே குறைந்தது 200 வருஷம் ஆகும் என்று வந்தது கணக்கு. முந்தைய நூறு வருஷத்தில் அந்த இரு மாநிலங்களின் மேற்குப் பகுதியில் 50 லட்சம் ஹெக்டேர் பழைய காடு தோட்டமாக மாறியதில், 150 முதல் 180 கோடி டன் கார்பன் காற்றில் சேர்ந்தது என்றார்கள். 1994ல் அந்தப் பகுதியின் மத்திய அரசுக் காடுகளுக்கு வந்த புதிய திட்டம் பழைய காடுகளில் வெட்டுவதைப் பெருமளவு குறைத்தது. அதற்கு ஆந்தைதான் முதல் காரணம், கார்பன் இல்லை.

வரவும் செலவும் உண்மையிலேயே சமமாகிறதா என்ற அடிப்படைக் கேள்வி அப்போதும் தீரவில்லை. ஓடம் சகோதரர்கள் இருவருமே 2002ல், ஒரு மாத இடைவெளியில் காலமானார்கள். ஆறு வருஷம் கழித்து, செபாஸ்டியன் லூய்சார்ட்டும் குழுவும் 'நேச்சர்' இதழில், 15 முதல் 800 வயது வரையிலான காடுகளின் தரவுகளைத் திரட்டி, வயசான காடுகளும் பெரும்பாலும் கார்பனைச் சேர்த்துக்கொண்டேதான் இருக்கின்றன என்றார்கள். 2021ல் அதே இதழில் பெர் குண்டர்சனும் மற்றவர்களும், அந்த அளவு மிகைப்படுத்தப்பட்டது, அவ்வளவு கார்பன் சேர அவ்வளவு நைட்ரஜன் வேண்டுமே, அது எங்கே என்று கேட்டார்கள். லூய்சார்ட் தரப்பு மறுபதில் கொடுத்தது. மறுபடியும் பாருங்கள், சக்திக் கேள்வி சத்துக் கேள்வியில் போய் முட்டுகிறது.

பழைய காட்டுக் கணக்கில் கஷ்டமான பகுதி நிற்கும் மரம் இல்லை, விழுந்த மரம். ஒரு பெரிய டக்ளஸ் ஃபிர் சாய்ந்தால் அது மக்கி முடிய மனித ஆயுள் போதாது. அதனால் மார்க் ஹார்மன் 1985ல் ஆண்ட்ரூஸ் காட்டில் ஒரு சோதனையைத் தொடங்கி வைத்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளைத் தரையில் போட்டு, குறிப்பிட்ட இடைவெளிகளில் வெட்டி எடுத்து எடை பார்ப்பது. திட்ட காலம் 200 வருஷம். 2023 ஆகஸ்டில் இடி விழுந்து பற்றிய தீயில் அந்த ஆராய்ச்சிக் காட்டின் பெரும்பகுதி எரிந்தது. சோதனையின் கடைசி அளவு எடுக்க வேண்டிய வருஷம் 2185.